நண்டோட நெல்லு: பழமொழியை ஏட்டில் ஏற்றிய கதை



நடவு நடக்கிறது. வரப்பில் நிற்கிற பெரியவர் ஒருத்தர் வயலைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நெருக்காதேம்மா, நண்டோட நெல்லு" என்று குரல் கொடுக்கிறார். நடுகிற பெண்களுக்கு அது போதும், இடைவெளி தானாகத் திருந்திவிடும். அந்தச் சொல்லின் முழு வடிவம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: நண்டோட நெல்லு, நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சில ஊரில் நரிக்கு வாழையும் வண்டிக்குத் தென்னையும் என்பாங்க.

இதை இன்றைக்கு வேளாண் துறை சொல்கிற கணக்கோடு வைத்துப் பாருங்க. மத்திய வயது நெல்லுக்கு வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டர். நண்டு புகுந்து போகிற வழி அவ்வளவுதான். கரும்புக்குப் பார் இடைவெளி 3 அடி, நரி உடம்பை ஒடுக்காமல் ஓடலாம். வாழைக்கு 6 அடி, ஒற்றை மாட்டுவண்டி நுழைந்து வரும். தென்னைக்கு 25 அடி. தேர் ஓடுகிற வீதியை நினைத்துக்கொள்ளுங்க. அடிக்கோலும் நாடாவும் கையில் இல்லாத காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர் தலைக்குள் நாலு பயிரின் அளவையும் நாலு சொல்லில் வைத்துக்கொண்டார். மறக்கவும் முடியாது, ஏன் என்றால் நண்டும் நரியும் கண்ணுக்கு முன்னால் ஓடுகின்றன.

இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டி ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிற ஆசை மனிதருக்கு எப்போதும் உண்டு. நம் தமிழிலேயே ஆயிரம் ஆண்டுக்கும் முன்னால் முன்றுறை அரையனார் என்ற சமணப் புலவர் 'பழமொழி நானூறு' செய்தார். நானூறு வெண்பா, ஒவ்வொன்றிலும் ஒரு பழமொழி. அவர் காலத்திலேயே அவை 'பழைய' மொழி என்றால், அவற்றை முதலில் சொன்னவர் யார், எந்தக் காட்டில் நின்று சொன்னார் என்று யார் கண்டது?

அச்சு வந்த பிறகு வேலை மும்முரமானது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்திய பீட்டர் பெர்சிவல் என்கிற ஆங்கிலப் பாதிரியார் இதில் முன்னோடி. ஆறுமுக நாவலர் அவரிடம் படித்து, அவருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணையாகவும் இருந்தவர். பெர்சிவல் 1840-களில் யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழித் தொகுப்பை வெளியிட்டார். பிறகு சென்னைக்கு வந்து, 1874-ல் அதைப் பெருக்கி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில விளக்கத்தோடு அச்சிட்டார். 1894-ல் ஜான் லாசரஸ் ஒரு பழமொழி அகராதியே போட்டார். 1897-ல் டென்மார்க்கு நாட்டுப் பாதிரியார் ஹெர்மன் ஜென்சன் 3,644 பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கொடுத்தார். நம் காலத்துக்கு அருகே கி.வா. ஜகந்நாதன் (1906–1988) இருபதாயிரத்துக்கு மேல் திரட்டினார்.

கடல் தாண்டி வந்த பாதிரிமாருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீங்க. இலக்கணத் தமிழில் நாள் முழுக்கப் பேசினாலும் சந்தையில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார். நடுவில் ஒரு பழமொழியைப் போட்டால் தலை திரும்பும். தங்கள் வேலைக்காக ஆரம்பித்தார்கள், பிறகு அதன் ருசி அவர்களை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சமயம் பரப்ப வந்தவருக்குக் களை வெட்டுவதையும் எரு அடிப்பதையும் பற்றிய சொல் எதற்கு? அதையும் விடாமல் எழுதிக்கொண்டார்களே!

இந்தத் தொகுப்புகளில் ஒரு வேடிக்கை. 'பதறாத காரியம் சிதறாது' என்று ஒரு பக்கத்தில் இருக்கும். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று இன்னொரு பக்கத்தில் இருக்கும். ஒன்று பொறு என்கிறது, மற்றது இப்பவே செய் என்கிறது. இரண்டும் சரிதான். கதிர் முற்றும் வரை பொறுக்கணும், முற்றினபின் மழை மேகம் திரண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. எப்போது எது என்பதைச் சொன்னவர் அறிவார், கேட்டவரும் அறிவார். ஏட்டில் ஏறும்போது அந்த 'எப்போது' கழன்றுபோய்விட்டது.

எனக்குக் குறை இங்கேதான். அகர வரிசையில் அடுக்கியவர்கள், எந்த ஊரில், எந்த மண்ணில், யார் வாயில் கேட்டோம் என்று பெரும்பாலும் குறிக்கவில்லை. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதையே எடுங்க. ஆடி மழை ஓரளவு கிடைக்கிற சேலம், தருமபுரி, வேலூர்ப் பக்கத்துச் செம்மண் மானாவாரிக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும். நிலக்கடலை அப்போதுதான் போடணும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்குப் போனால் கதை வேறு. அங்கே பயிர் நம்பி நிற்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. பருத்தியும் சோளமும் அந்த மழைக்குச் சற்று முன்னால், புரட்டாசியில் விதைக்கணும். வெளியூரிலிருந்து போய் நிலம் வாங்கினவர், புத்தகத்தில் படித்தேன் என்று ஆடியில் விதையைத் தூவினால், ஒரு தூறலில் முளைத்து, அடுத்து மழை இல்லாமல் கருகும். விதை போச்சு, உழவுக் கூலி போச்சு. பழமொழி பொய்யா? அதன் விலாசத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு இழப்பும் உண்டு. 'ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை' என்பது பழமொழி. ஏற்றம் இறைக்கிறவர் சால் எண்ணிக்கை தவறாமல் இருக்கப் பாடிக்கொண்டே இறைப்பார். தண்ணீர் மேலே வரவர அவர் பாட்டு தன் போக்கில் போகும், பதில் பாட்டுப் பாட எதிரே ஆள் கிடையாது. எதிர்வாதம் இல்லாமல் ஒருத்தர் பேச்சே ஓடினால் இதைச் சொல்லுவாங்க. ஆயில் என்ஜின் வந்தது, மின் மோட்டார் வந்தது, ஏற்றமரம் விறகாகப் போனது. இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் விழிப்பான். சொல் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. கிணற்றடிதான் இல்லை. அதற்காகத் தொகுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் எழுதாமல் இருந்தால் சொல்லும் போயிருக்கும்.

இடையில் ஒன்று. 'இந்தப் பழமொழியின் உண்மையான அர்த்தம் வேறு' என்று எழுத்தை மாற்றிப் புதுப் பொருள் சொல்கிறவர்கள் இப்போது அதிகம். கேட்க ரசமாக இருக்கும். நூலகத்தில் பெர்சிவல் அல்லது ஜென்சன் கிடைத்தால், நூறு வருஷத்துக்கு முன் அது எப்படி அச்சாகியிருக்கிறது என்று ஒரு நடை பார்த்துவிட்டு நம்புங்க.

அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கிறது, அது நியாயம். ஆனால் 'களை பிடுங்காப் பயிர் கால் பயிர்' என்பதைச் சொல்லியிருக்கக் கூடியவர் யார்? முட்டிவரை சேற்றில் நின்று, களை விட்ட வயலில் முக்கால் விளைச்சல் போனதைக் கண்ணால் பார்த்தவர். 'எரு செய்வதை இனத்தான் செய்யான்' என்றவர், உறவுக்காரரிடம் கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர்கள் பேர் எந்த அட்டையிலும் இல்லை.

விட்டதைச் சேர்க்க இன்னும் வழி இருக்கிறது, அதை நீங்கள்தான் செய்ய முடியும். வீட்டுப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க. தெருவில் ஏற்றம் இறைத்த கை, கவலை ஓட்டின கை இன்னும் ஒன்றிரண்டு இருக்கும். நாற்று நட்ட பாட்டிமார்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்கள் சொல்கிற சொல்லை, அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதுங்க, திருத்த வேண்டாம். அதன் கீழே நாலு விஷயம்: சொன்னவர் பேர், ஊர், என்ன மண், எந்த மாதத்தில் எதற்காகச் சொன்னார். நோட்டைப் பிரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து "ஒரு பழமொழி சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் ஒன்றும் வராது. நடவு அன்றைக்கு வரப்பில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துங்க, தானாக வரும்.