மன்னாரிலிருந்து விக்கிப்பீடியாவுக்கு எழுதுவது எப்படி?

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிக்கொண்டே அதன் ஆரம்பகாலக் கட்டுரைகளில் பெரும்பங்கை எழுதியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. எழுதுபவர்கள் எவருக்கும் சம்பளம் கிடையாது.

இதில் சேர விண்ணப்பமோ நேர்முகத் தேர்வோ இல்லை. கணக்கொன்றைத் திறந்தால் போதும். சொந்தப் பெயரைப் போடவேண்டிய கட்டாயமும் இல்லை. எங்கள் பகுதியில் இருந்து எழுதுபவர்கள் புனைபெயரில் தொடங்குவதே நல்லது என்பேன். ஒருமுறை செய்த திருத்தம், பின்னர் நீக்கப்பட்டாலும், பக்கத்தின் வரலாற்றில் பயனர் பெயருடன் பொதுவாக நிலைத்திருக்கும். 'மணல்தொட்டி' எனும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகிவிட்டு, சிறிய திருத்தங்களில் இறங்கலாம். தலைமன்னாருக்கான ரயில் 1990இல் நின்று 2015 மார்ச்சில் மீண்டது போன்ற, பத்திரிகை ஆதாரம் எளிதில் கிடைக்கும் தகவல்கள் தொடக்கத்துக்கு ஏற்றவை.

கடினமான இடம் போர்தான். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நடந்தது என்பதே அவர் கேள்வி. "146,679 பேர் கொல்லப்பட்டனர்" என்று கலைக்களஞ்சியத்தில் எழுதினால் அடுத்தவர் அதை நீக்கிவிடுவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். யார், எங்கே, எந்தத் தரவுகளை வைத்துக் கேட்டார் என்று ஆதாரத்துடன் எழுதினால் அதை நீக்குவது கடினம். எனக்கு இரண்டாவதுதான் கனமான வாக்கியமாகவும் படுகிறது.

சதொச வளாகப் புதைகுழிக்கும் இதே முறைதான். 2018இல் தொடங்கிய அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. 2019இல் வந்த அமெரிக்க ஆய்வுகூட அறிக்கை, பரிசோதித்த மாதிரிகளை 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையான காலத்துக்குரியவை என்றது. அறிக்கையையும் எழுத வேண்டும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் எழுப்பிய சந்தேகத்தையும் எழுத வேண்டும். முடிவை எழுதுவது எங்கள் வேலையல்ல. யாராவது மறுத்தால் பேச்சுப் பக்கத்தில் ஆதாரத்தை வையுங்கள். மாறி மாறி அழித்துக்கொண்டிருந்தால் பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள்.

ஒரு அம்மா தன் மகனைப் பற்றி என்னிடம் சொல்வதை நான் நேரே விக்கிப்பீடியாவில் சேர்க்க முடியாது. வெளியிடப்படாத தகவலை அது ஏற்பதில்லை. பக்கச்சார்பற்ற விதிதான், ஆனாலும் ஆவணங்களைப் பதுங்குகுழியிலும் இடம்பெயர்விலும் தொலைத்த சமூகத்துக்கு அது மிகக் கொடியது. ஆகவே முதலில் அந்தச் சாட்சியம், அவரது சம்மதத்துடன், பத்திரிகையிலோ நூலிலோ அச்சேற வேண்டும். பழைய ஊர் மலர்கள், கோயில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள் வீட்டில் இருந்தால், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். ஸ்கேன் செய்யப்பட்ட பக்கத்தை மேற்கோளாகக் காட்டலாம்.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி மக்களும் தீவை விட்டுப் போனார்கள். பலர் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். மன்னார்த் தீவைப் பற்றி எழுதும் தமிழர் அந்தப் பந்தியையும் எழுத வேண்டும். அதற்கும் அச்சிட்ட ஆதாரங்கள் நிறையவே இருக்கின்றன.