ஆலங்காட்டுப் பேயும் புளோரிடாப் பிணமும்

ஆவடி தாண்டினதும் அரக்கோணம் லோக்கலில் கூட்டம் குறைஞ்சிடும். ஜன்னலோர சீட் கிடைத்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘டெத்’ குழுவின் ‘ஸ்க்ரீம் ப்ளடி கோர்’ ஆல்பத்தைப் போடுவேன். அம்பத்தூருக்குக் குடிவந்த நாளிலிருந்து இதே பழக்கம்தான். சில ஞாயிறு திருவாலங்காட்டில் இறங்கி, ரத்தின சபை நடராஜரையும் பார்த்துவிட்டு வருவேன்.

ஆல்பம் வெளியானது 1987 மே. பதிவு 1986 நவம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸில். புளோரிடாவிலிருந்து வந்த சக் ஷூல்டினருக்கு அப்போ வயசு 19. கிட்டார், பேஸ், குரல் மூன்றும் அவரே. டிரம்ஸ் கிறிஸ் ரைஃபர்ட். முதல் டெத் மெட்டல் ஆல்பம் இதுதான் என்பார்கள்; 1985-இல் வந்த பொஸஸ்டின் ‘செவன் சர்ச்சஸ்’தான் என்று சண்டை போடுபவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. வேடிக்கை என்னன்னா, இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஒரே ஆள்தான், ராண்டி பர்ன்ஸ்.

பலம் ரிஃப்களில் இருக்கிறது. ‘ஜோம்பி ரிச்சுவல்’ தொடக்கத்தைக் கேளுங்கள். மெதுவாக ஒரு மெலடி ஊர்ந்து வரும், அப்புறம்தான் வேகம் பிய்த்துக்கொண்டு போகும். அந்த ஊர்தலில்தான் பயம் இருக்கு. ‘ஈவில் டெட்’ தொடக்கமும் அப்படித்தான். சக்கின் குரல் தொண்டை கிழிந்த மாதிரி இருந்தாலும் சொற்கள் காதில் விழும். பின்னால் வந்த பலரிடம் இது கிடையாது.

பலவீனம் அந்தச் சொற்களேதான். பாதிக்கு மேல் வீடியோ கேசட்டில் பார்த்த படங்கள். ‘ஈவில் டெட்’ 1981-இல் வந்த அதே பெயர்ப் படம். ‘டோர்ன் டு பீசஸ்’ அதே வருடத்து ‘கன்னிபல் ஃபெராக்ஸ்’. வெட்டு, குடல், மறுபடி வெட்டு. செத்தவனுக்கு அழ ஓர் ஆள் கிடையாது. பத்தொன்பது வயசுப் பையனிடம் அதை எதிர்பார்ப்பது அநியாயம்தான். எனக்கும் ரொம்ப நாள் அது குறையாகத் தெரியல.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவைத் தகனம் செய்துவிட்டு வந்த வாரம் அதே ரயிலில் போட்டேன். ரிஃப் பிடித்தது, பாட்டு ஒட்டவே இல்லை. அன்றைக்குக் கோயிலில் காரைக்கால் அம்மையார் முன்னால்தான் அதிகம் நின்றேன்.

அம்மையார் காலம் 6-ஆம் நூற்றாண்டு என்பது பலர் கணிப்பு. திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பற்றி அவர் பாடியவை இரண்டு பதிகங்கள். அங்கேயும் கொழுப்பு, பிணம், நரி எல்லாம் உண்டு. கூடவே நள்ளிரவில் காய்ந்த வாகை நெற்று ஒலிக்கும். ஒரு பேய்த்தாய் பிள்ளையின் புழுதியைத் துடைத்து, பால் கொடுத்து, காளி என்று பெயரும் வைத்துவிட்டு எங்கேயோ போய்விடுவாள். அவள் திரும்பி வராததால் குழந்தை அழுதழுது தூங்கிப்போகும். பாடுகிறவரோ தன்னையே காரைக்காற்பேய் என்கிறார். சக் சோபாவில் உட்கார்ந்து படம் பார்த்த ஆள்; இவர் அந்தக் காட்டிலேயே குடியிருப்பவர்.

சக்கும் அங்கேயே நிற்கவில்லை. 1990-இன் ‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’கில் குடலை விட்டுவிட்டு மனிதர்களைப் பாட ஆரம்பித்தார், 1991-இன் ‘ஹ்யூமன்’ இன்னும் உள்ளே போனது. மூளைக் கட்டியால் 2001 டிசம்பரில் இறந்தபோது வயது 34.

இப்பவும் கேட்கிறேன். ஆனா மணவூர் வந்ததும் நிறுத்திடுவேன். அடுத்த ஸ்டேஷன் ஆலங்காடு.