யார் சேர்க்கப்பட்டார்கள்? காஞ்சி வட்டார உயர்நிலைப் பள்ளி வரலாறு, பிள்ளைப்பாக்கத்திலிருந்து

பள்ளிகளின் வரலாறு நம்மிடம் பெரும்பாலும் நூற்றாண்டு மலர்களாகவே கிடைக்கிறது. நிறுவனர் படம், தலைமையாசிரியர் வரிசை, புகழ்பெற்ற பழைய மாணவர்கள். அந்தப் பள்ளியில் சேரவே முடியாமல் போனவர்களுக்கு மலரில் பக்கமில்லை. காஞ்சிபுரம் வட்டாரத்தில் உயர்நிலைக் கல்வியின் வரலாற்றை மாணவர் சேர்க்கையிலிருந்துதான் எழுத வேண்டும் என்பது என் வாதம்.

ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் ஒரு பள்ளி தொடங்கினார். 1839இல் அதன் கிளை காஞ்சிபுரத்தில் திறக்கப்பட்டது. இன்றைய ஆண்டர்சன் மேல்நிலைப் பள்ளியின் மூலம் அதுவே. அதற்கு முந்தைய ஆண்டே சென்னைப் பள்ளி ஒரு நெருக்கடியைச் சந்தித்திருந்தது. தீண்டாமைக்கு உள்ளான சமூகத்துச் சிறுவர்கள் அங்கே படிப்பது தெரியவந்ததும், அவர்களை நீக்கச் சொல்லிச் சாதி இந்துப் பெற்றோர் வற்புறுத்தினர். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர்கள் கூட்டமாக விலகினார்கள். 1841இல் மாணவர் சிலர் கிறிஸ்தவரானபோது வகுப்பறைகள் மறுபடியும் வெறிச்சோடின.

மதமாற்றம் குறித்த அச்சம் பொய்யானதல்ல. பச்சையப்ப முதலியாரின் அறக்கொடையில் 1842இல் சென்னையில் எழுந்த பள்ளிக்கு அந்த அச்சமும் ஒரு காரணம். காஞ்சிபுரத்திலும் அந்த அறக்கட்டளை பள்ளி நடத்தியது; நெசவாளர் குடும்பத்து அண்ணா படித்தது அங்கேதான். அந்த அறத்தின் பயன் பெரிது. ஆனால் அச்சத்தை மட்டும் சொல்லிச் சாதியை விட்டுவிடுவது நேர்மையான வரலாறாகாது. 1838இல் ஆண்டர்சன் ஏற்க மறுத்த விலக்கு, பச்சையப்பன் நிறுவனத்தில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையாக நின்றது. கல்லூரியாக வளர்ந்த அந்நிறுவனம் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் திறந்தது 1920களின் இறுதியில்தான்.

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரித்தார்கள். இங்கே பிரித்தவை சாதியும் தூரமும். காஞ்சிபுரத்துப் பள்ளிகள், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால். ஏரிப் பாசனத்தை நம்பிய குடும்பத்தில், அதிலும் நிலமற்ற கூலிக் குடும்பத்தில், அவ்வளவு தொலைவில் பிள்ளையைத் தங்க வைத்துப் படிக்க வைக்க யாரால் முடிந்திருக்கும்? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹியர் 1891இல் இம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை, நிலமின்மையையும் கல்வியின்மையையும் ஒரே சிக்கலாகவே கண்டது. 1892இல் வந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுவே அடிப்படை. பள்ளி வரலாறு எழுதுவோர் அந்த அறிக்கையைத் தேடிப் போவதில்லை, போக வேண்டும்.

தூரத்தைக் குறைத்தது காமராஜர் ஆட்சி. 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. காஞ்சிபுரம் வட்டாரத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்து ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர்மக்கள் நாற்காலியும் கரும்பலகையும் கொடுத்தார்கள். ஊராட்சிப் பள்ளிகள் பெருகி, எட்டும் தொலைவில் உயர்நிலைப் பள்ளிகள் வந்தன. 1978இல் பிளஸ் டூ தொடங்கியது.

அந்தப் பிளஸ் டூ சான்றிதழே பின்னாளில் தொழிற்சாலையின் நுழைவுச்சீட்டாயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளம்பெண்களைப் பெருமளவில் எடுத்தது, 2014இல் மூடியது. பக்கத்து வல்லம் வடகாலில் 2024இல் திறந்த சிப்காட் விடுதியில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். வெளிமாவட்டப் பெண்களுக்கு இந்தச் சான்றிதழ் தந்த விடுதலையை நான் மதிக்கிறேன். ஆயினும் தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்த ஊர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் உற்பத்தி லைனுக்குள் போனார்கள், எத்தனை பேர் ஒப்பந்தக் கூலியாகவும் காவலாளியாகவும் வாசலோடு நின்றார்கள் என்பதை ஆய்வாளர்கள் கேட்டாக வேண்டும்.

இதற்கான சான்று ஊர்ப் பள்ளிகளின் அலமாரிகளில்தான் இருக்கும்: சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டை. தந்தையின் தொழில், வகுப்பு, விலகிய தேதி ஆகியவற்றை ஆண்டுவாரியாக எடுத்தால், நிலம் தொழிற்பேட்டையாக மாறிய காலமும் பிள்ளைகள் இடைநின்ற காலமும் ஒன்றா என்று பார்த்துவிடலாம். கட்டடம் இடிக்கும்போதும் பள்ளிகளை இணைக்கும்போதும் இவை பழைய தாளாகப் போய்விடக் கூடாது. மாவட்ட ஆவணக் காப்பகம் இவற்றை இப்போதே படியெடுக்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் பெயர் அவற்றில் எந்த ஆண்டிலிருந்து வருகிறது, எந்த வகுப்போடு நிற்கிறது என்பதையும் சேர்த்தே தேட வேண்டும்.