அங்கிளோட டெரிட்டரியும் எங்க ஊரு ஃபோர்டும்

ரெண்டு அசைன்மென்ட் கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருக்கிற நேரத்துலதான் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத விஷயமெல்லாம் மண்டைக்குள்ள குடையும். இந்த வாரம் குடைஞ்சது ஒரு வண்டி. நான் கிளென் வேவர்லியில் வாடகைக்கு இருக்கிற வீட்டு அங்கிளோட 2005 மாடல் ஃபோர்டு டெரிட்டரி.

அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர். வண்டி மூணு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியாச்சு. ரெஜோ கட்டுற கடிதம் வந்ததும் வீட்டில் வருஷாந்திர பட்டிமன்றம் ஆரம்பிச்சது. "வித்துட்டு ஹைப்ரிட் க்ளூகர் எடுங்கப்பா"ன்னு மகள். அங்கிள் அசையலை.

"தம்பி, உதை வித்தா ஆயிரமோ ரெண்டாயிரமோ தருவாங்கள். ரோட்வொர்தி எடுக்கவே அந்தக் காசு போயிடும். பிள்ளையளைக் கராம் டவுன்ஸ் கோயிலுக்குக் கொண்டு போனதும் உதிலதான், நீச்சலுக்குக் கொண்டு போனதும் உதிலதான். எஞ்சின் இண்டைக்கும் கல்லு மாதிரி நிக்குது."

ஞாயித்துக்கிழமை அவரோட கூட்டாளிங்க ரெண்டு பேர் டீக்கு வந்தாங்க. ரெண்டு பேருமே ஒரு காலத்தில் டெரிட்டரி வச்சிருந்தவங்க. பேச்சு வேற எங்கே போகும்? "நல்ல வண்டி. ஏன் மூடினாங்கள்?" ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. எங்க ஊரு செங்கல்பட்டுப் பக்கம். மறைமலைநகர் ஃபோர்டு கம்பெனி பஸ் எங்க தெருமுனையில் நின்னு ஆள் ஏத்திட்டுப் போகும். நான் மெக்கானிக்கல் எடுத்ததே அந்த பஸ்ஸைப் பார்த்துத்தான். அதனால இந்தக் கேள்வி எனக்கு வெறும் டீ நேரத்துப் பேச்சு இல்லை. உக்காந்து தேடிப் படிச்சதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்தது 1925-ல். மெல்பர்னுக்குத் தென்மேற்கே ஜீலாங் ஊரில் ஒரு கம்பளிக் கிடங்கை வாடகைக்குப் பிடிச்சு, மாடல் டி கார்களைப் பூட்ட ஆரம்பிச்சாங்க. வந்தது அமெரிக்க ஃபோர்டு கூட இல்லை, கனடா ஃபோர்டு. பிரிட்டனைத் தவிர மத்த பேரரசு நாடுகளுக்கு வியாபார உரிமை கனடாக் கம்பெனி கையில் இருந்தது. அடுத்த வருஷம், 1926-ல், இந்தியாவுக்கும் அதே கனடா ஃபோர்டுதான் வந்தது. ஆக ஆஸ்திரேலிய ஃபோர்டும் பழைய இந்திய ஃபோர்டும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. இந்தியப் பிள்ளை 1950-களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் மூச்சுத் திணறி மூடிக்கிச்சு. ஆஸ்திரேலியப் பிள்ளை வளர்ந்துச்சு.

இங்கே எல்லாரும் பெருமையாச் சொல்ற கதை ஒண்ணு உண்டு. கிப்ஸ்லாண்ட் பக்கத்து விவசாயி ஒருத்தரோட மனைவி ஃபோர்டுக்குக் கடிதம் போட்டாங்களாம்: ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்கும் போகணும், திங்கக்கிழமை பன்னிகளைச் சந்தைக்கும் ஏத்தணும், ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி கொடுங்க. லூ பாண்ட் என்கிற இளம் வடிவமைப்பாளர் அதுக்கு வரைஞ்சது 1934-ல் 'யூட்' ஆக வெளிவந்தது. குடும்பத்தோட தேவையைக் கேட்டு வண்டி செய்யற பழக்கம் இந்தக் கம்பெனிக்கு அப்போலேர்ந்தே இருந்திருக்கு.

மெல்பர்ன் வடக்கே பிராட்மெடோஸில் பெரிய ஆலை எழுந்து, 1960-ல் முதல் ஃபால்கன் அங்கே உருண்டு வந்துச்சு. அமெரிக்க வரைபடம், ஆஸ்திரேலிய ரோடு. கிராமத்துச் சரளை ரோட்டில் முன்சக்கரத்து பால் ஜாயின்ட் தேய்ஞ்சு கழண்டு மானம் போச்சு. அந்தப் பேரை மீட்க 1965-ல் யூ யாங்ஸ் மலையடிவாரத்துச் சோதனைத் தடத்தில் ஃபால்கன்களை இரவு பகலா 70,000 மைல் ஓட்டிக் காட்டினாங்க. இந்த பால் ஜாயின்டை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அடுத்த நாப்பது வருஷம் ஃபோர்டா ஹோல்டனா என்பதுதான் ஆஸ்திரேலியக் குடும்பங்களின் கட்சி அரசியல். 2000 வாக்கில் ஜனங்க கண்ணு உயரமான வண்டிகள் மேல போச்சு. ஆனா முக்கால்வாசி எஸ்.யூ.வி. ஒண்ணு லாரி மாதிரி ஆடும், இல்லேன்னா உள்ளே இடம் பத்தாது. அப்போ ஃபோர்டு ஆஸ்திரேலியாவின் தலைவரா இருந்தவர் ஜெஃப் பாலிடிஸ். அவர் காலத்தில் ஃபால்கன் அடித்தளத்தை எடுத்து, உயர்த்தி, நாலு சக்கர ஓட்டமும் ஏழு சீட்டும் வச்சு, முழுக்க ஆஸ்திரேலியாவிலேயே உருவாக்கினதுதான் டெரிட்டரி. 2004 மே மாசம் வந்தது. அந்த வருஷத்துக்கான வீல்ஸ் பத்திரிகையின் சிறந்த கார் விருதையும் தூக்கிச்சு. (பாலிடிஸ் பின்னாடி ஜாகுவார் லேண்ட் ரோவருக்குத் தலைவராப் போனார். 2008-ல் டாடா அதை வாங்கின சமயத்திலேயே புற்றுநோயில் காலமானார்.)

வச்சிருந்தவங்க என்ன சொல்றாங்க? டீ மேசையில் கேட்டதும், படிச்சதும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

நல்லது: உசரத்தில் உக்காந்தாலும் கார் மாதிரியே ஓடுது, வளைவில் பயமுறுத்தலை. பின்கதவை முழுசாத் தூக்காம கண்ணாடியை மட்டும் திறந்து காய்கறிப் பையைப் போடலாம். நெருக்கடியான பார்க்கிங்கில் இவ்வளவு பெரிய வண்டி லேசாத் திரும்புது. அப்புறம் அந்த எஞ்சின். ஜீலாங்கில் வார்த்த 4 லிட்டர் ஆறு சிலிண்டர், பேரு 'பாரா'. பாராமுண்டி மீன் பேரைச் சுருக்கி வச்ச சங்கேதப் பேரு. நம்ம கொடுவா மீன்தான் அது! இன்னிக்கும் பழைய வண்டியிலிருந்து பாரா எஞ்சினைக் கழட்டி வேற வண்டியில் மாட்டி ஓட்டற பைத்தியங்கள் நிறைய இருக்கு.

கெட்டது: தாகம். நகருக்குள் ஓட்டினா பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கும். ரெண்டாவது... ஆமாங்க, முன்சக்கரத்து கீழ் பால் ஜாயின்ட். 1960 ஃபால்கனோட பேரப்பிள்ளைக்கும் அதே மூட்டுவலி. பழைய டெரிட்டரி வாங்கப் போறவங்களுக்கு எல்லாரும் சொல்ற முதல் புத்திமதி இதுதான்: முதல்ல முன்னாடி குனிஞ்சு அந்த மூட்டைப் பாரு.

இப்போ ஊகங்களுக்கு வருவோம்.

முதல் ஊகம் அங்கிளுடையது. "2004 இலேயே டீசல் விட்டிருந்தா இண்டைக்கும் கொம்பனி நிண்டிருக்கும்." இதில் பாதி உண்மை. டீசல் டெரிட்டரி வந்தது 2011-ல், ஏழு வருஷம் லேட். நடுவில் 2008-ல் பெட்ரோல் விலை எகிறினப்போ வண்டி நல்லா அடி வாங்கிச்சு. 2.7 லிட்டர் டீசல் வந்ததும் தலை நிமிர்ந்தது. 2013-ல் ஃபால்கனை விட டெரிட்டரிதான் அதிகம் வித்தது. ஆனா மீதிப் பாதியைப் பாருங்க. டெரிட்டரி தனியாள் இல்லை, ஃபால்கனோட ஒரே லைனில் வந்த கூட்டுக்குடும்பம். ஃபால்கன் 2003-ல் வித்தது 70,000-க்கு மேல், 2015-ல் 6,000-க்கும் கீழே. அப்பன் படுத்த பிறகு பிள்ளை ஒருத்தன் சம்பாத்தியத்தில் அந்த வீடு எத்தனை நாள் ஓடும்?

ரெண்டாவது ஊகம், "வெளிநாட்டுக்கு ஏத்துமதி செஞ்சிருக்கணும்". செஞ்சு பார்த்தாங்க. நியூசிலாந்து போச்சு, தென்னாப்பிரிக்கா போச்சு, தாய்லாந்தும் போச்சு. இடதுபக்க ஸ்டியரிங் வைக்கவே இல்லை, அதனால அமெரிக்கா ஐரோப்பா கதவெல்லாம் மூடிதான் இருந்தது. தாய்லாந்து கதைதான் வேடிக்கை. 2005 ஜனவரியில் தாய்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அங்கேயிருந்து யூட்கள் சுங்கமில்லாம இங்கே கொட்டிச்சு. இங்கேயிருந்து போன டெரிட்டரிக்கோ, பெரிய எஞ்சின் என்பதால் அங்கே உள்நாட்டு வரி தலையில் விழுந்தது. போனது சொற்பம்.

மூணாவது ஊகம், "அரசாங்கம் கைவிட்டுட்டுது". 1980-களில் இறக்குமதிக் கார் மேல 57.5 சதவீதம் வரை இருந்த வரி 2000-ல் 15, 2005-ல் 10, 2010-ல் 5 ஆச்சு. இது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிஞ்ச கணக்கு. தெரியாம வந்தது 2011 சமயம் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையே எட்டிப் பிடிச்சதுதான். வெளியூர் வண்டி மலிவாச்சு, உள்ளூர் வண்டி வெளியே விலை போகாம ஆச்சு.

2013 மே 23 அன்னிக்கு ஃபோர்டு அறிவிச்சது: 2016 அக்டோபரோட உற்பத்தி நிறுத்தம், 1,200 பேருக்கு வேலை போகும். அப்போ சொன்ன காரணத்தில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உக்கார வச்சது. ஆஸ்திரேலியாவில் ஆகிற செலவு ஐரோப்பாவை விட ரெண்டு மடங்கு, ஆசியாவில் ஃபோர்டுக்கு ஆகிறதை விட ஏறக்குறைய நாலு மடங்கு.

ஆசியான்னா யாரு? எங்க தெருமுனை பஸ்ஸில் ஏறினவங்களும்தான்!

2016 அக்டோபர் 7, பிராட்மெடோஸ் கதவு சாத்தினாங்க. 91 வருஷக் கதை முடிஞ்சது. டெரிட்டரி இடத்தை நிரப்ப வந்தது எவரெஸ்ட். மெல்பர்ன் எஞ்சினியர்கள் முன்னின்று உருவாக்கினது, ஆஸ்திரேலியாவுக்குத் தாய்லாந்திலிருந்து வர்றது. அதே வண்டி இந்தியாவில் எண்டெவர்ங்கற பேரில் 2016 ஜனவரியில் அறிமுகமாச்சு. செஞ்ச இடம் மறைமலைநகர். இங்கே டெரிட்டரியோட கடைசி வருஷமும், அதன் வாரிசு எங்க ஊரில் பிறந்த வருஷமும் ஒண்ணு. நாங்க பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் புது எண்டெவரைப் பார்த்துக் கைகாட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது இன்னொரு ஊர்க்காரங்க மூளையில் பிறந்த வண்டி, அந்த ஊர் ஆலை அப்போ நாள் எண்ணிக்கிட்டு இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்?

நாலு மடங்கு மலிவான எங்க ஊரு பிழைச்சுதா? 2021 செப்டம்பர் 9 அன்னிக்கு இந்தியாவிலும் உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சாங்க. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம், சுமார் 4,000 பேர் வேலைக்குப் பாதிப்பு. மறைமலைநகரில் 2022 கோடையில் ஈட்டுத்தொகைக்காகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க, ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. இத்தனைக்கும் அமெரிக்காவுக்கே இகோஸ்போர்ட் ஏத்துமதி செஞ்ச ஆலை அது. சம்பளம் குறைவு, ஏத்துமதி உண்டு, டீசல் உண்டு. டீ மேசையில் சொன்ன மருந்தெல்லாம் குடிச்ச நோயாளி. இருந்தும் போயிட்டுது.

அதனால எனக்குப் படறது இதுதான். டெரிட்டரியைக் கொன்னது அந்த வண்டியோட குறை இல்லை. சம்பளம் மட்டுமும் இல்லை. பெரிய ஆலைக்குப் பெரிய பசி. இங்கே இருந்த ரெண்டரைக் கோடிக்கும் குறைவான ஜனத்தொகை அதுக்குப் பத்தலை. இந்தியாவில் ரெண்டு ஆலையும் சேர்ந்து வருஷத்துக்கு 4 லட்சம் வண்டி செய்யலாம், வாங்கினது அதில் சின்னப் பங்கு. பசி அடங்கலேன்னா, எங்கேயோ இருக்கிற தலைமையகத்தில் ஒரு பேனா அந்த வரியை அடிச்சுடும். அந்தப் பேனாவுக்கு ஊர்ப்பாசம் கிடையாது.

இன்னொண்ணும் கவனிச்சேன். பிராட்மெடோஸ் லைன் போனாலும் டிசைன் எஞ்சினியர்கள் மெல்பர்னில் தங்கிட்டாங்க, யூ யாங்ஸ் தடத்தில் இன்னும் வண்டி ஓடுது. மறைமலைநகர் லைன் போனாலும் சென்னையில் ஃபோர்டோட கம்ப்யூட்டர், அலுவலக வேலைகள் ஆயிரக்கணக்கான பேரோட தொடர்ந்தது. ரெண்டு ஊரிலும் போனது லைனில் நின்னு ஸ்பேனர் பிடிச்ச கைகள். நான் இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறது எதுக்குன்னு யோசிச்சா, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குத் தாவறதுக்குத்தான். அதை நினைச்சா பெருமையா இல்லை, கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

டெரிட்டரிங்கற பேரு சும்மா கிடக்கலை. 2018-லேர்ந்து சீனாவில் உருவான வேற ஒரு வண்டிக்கு அந்தப் பேரை ஒட்டியாச்சு. அங்கிள்கிட்ட சொன்னேன். "பேரை யாரும் வைக்கலாம் தம்பி"ன்னார், அவ்வளவுதான்.

ரெஜோ கட்டியாச்சு. மகள் ரெண்டு நாள் பேசலை, மூணாம் நாள் கராம் டவுன்ஸுக்கு அதே வண்டியில்தான் போனாங்க.

நேத்து அம்மாகிட்ட போனில் கேட்டேன், தெருமுனையில் இப்போ எந்த பஸ் நிக்குதுன்னு. வேற கம்பெனி வேன் ஒண்ணு வருதாம். 2024-ல் மறைமலைநகரைத் திரும்பத் திறக்க விருப்பக் கடிதம் கொடுத்தாங்க, 2025-ல் 3,250 கோடி ரூபாயில் அங்கே எஞ்சின் செய்ய ஒப்பந்தம் போட்டாங்க, 2029-ல் உற்பத்தியாம். "பழைய ஆளுங்களைக் கூப்பிடுவாங்களாடா?"ன்னு அம்மா கேட்டாங்க. எதிர்வீட்டு அண்ணனுக்காகக் கேக்கறாங்கன்னு புரிஞ்சது. பதில் சொல்லத் தெரியலை.

அசைன்மென்ட் அப்படியே கிடக்கு. வர்ட்டா :-)