அச்சுப் பல்லிணை விகித மாற்றம்

அச்சுப் பல்லிணை விகித மாற்றம் என்பது வாகனத்தின் அச்சுக்குள் உள்ள கிரவுன் சக்கரம், பினியன் ஆகிய இரு பற்சக்கரங்களையும் அகற்றி, வேறு பல் எண்ணிக்கை கொண்ட இணையைப் பொருத்தும் பணியாகும். கரடுமுரடான நிலத்தில் செல்லும் நான்கு சக்கர இயக்க வாகனங்களில், பெரிய டயர்கள் பொருத்தப்பட்ட பின்னர் இம்மாற்றம் பெரும்பாலும் செய்யப்படுகிறது. இரு அச்சுகளையும் பிரிக்க வேண்டியிருப்பதாலும், தேர்ந்த கைவேலை தேவைப்படுவதாலும் இது செலவு மிக்கது. எனவே மாற்றம் தேவைதானா என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு முடிவு செய்தல் நன்று. இக்கட்டுரையில் 2007 முதல் 2018 வரையான மாதிரி ஆண்டுகளில் வெளிவந்த ஜீப் ராங்லர் ஜேகே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பல்லிணை விகிதம்

கிரவுன் சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையைப் பினியனின் பற்களின் எண்ணிக்கையால் வகுக்கக் கிடைப்பது அச்சுப் பல்லிணை விகிதம் ஆகும். கிரவுன் சக்கரத்தில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருப்பின் விகிதம் 4.10 ஆகும். அதாவது சக்கரம் ஒரு முறை சுழல, அச்சுக்கு வரும் உந்துதண்டு 4.1 முறை சுழல வேண்டும். தண்டின் முறுக்குவிசையும், உராய்வு இழப்பு நீங்கலாக, 4.1 மடங்காகிச் சக்கரத்தை அடைகிறது.

எண் கூடினால் இழுவை கூடும். ஆனால் அதே வேகத்தில் செல்ல இயந்திரம் கூடுதலாகச் சுழல வேண்டும். எண் கூடிய விகிதம் பணிமனைகளில் "தாழ்ந்த கியர்" என்றும், எண் குறைந்த விகிதம் "உயர்ந்த கியர்" என்றும் அழைக்கப்படுவதால் குழப்பம் ஏற்படுவதுண்டு. பல்லிணை மாற்றம் இயந்திரத்தின் திறனைக் கூட்டுவதில்லை. அத்திறன் எந்த வேகத்தில் கிடைக்கும் என்பதை மட்டுமே மாற்றுகிறது.

பெரிய டயரின் விளைவு

டயர் நிலத்தைத் தள்ளும் விசை, அச்சின் முறுக்குவிசையை டயரின் ஆரத்தால் வகுக்கக் கிடைப்பதாகும். எனவே டயர் பெரிதாகும்போது தள்ளுவிசை குறைகிறது. இழந்ததை மீட்கத் தேவையான விகிதத்தைப் பின்வருமாறு கணிக்கலாம்:

புதிய விகிதம் = பழைய விகிதம் × புதிய டயரின் விட்டம் ÷ பழைய டயரின் விட்டம்

ஜேகே வரிசையின் ரூபிகான் வகை, 4.10 விகிதத்துடனும் ஏறத்தாழ 32 அங்குலம் (814 மிமீ) விட்டமுள்ள டயர்களுடனும் விற்கப்பட்டது. இதில் 35 அங்குல (889 மிமீ) டயர்களைப் பொருத்தினால் தள்ளுவிசை சுமார் 8 விழுக்காடு குறையும். இதனை ஈடுசெய்ய 4.48 என்னும் விகிதம் தேவை. கிடைக்கும் விகிதங்களுள் இதற்கு அண்மையது 4.56 ஆகும்.

இது குறைந்தபட்ச ஈடு மட்டுமே. பெரிய டயர் எடை கூடியது. அதைச் சுழலத் தொடங்கச் செய்யக் கூடுதல் முறுக்குவிசை வேண்டும். வாகனத்தை உயர்த்துவதால் காற்றின் தடையும் கூடுகிறது. இதனால் 35 அங்குல டயருக்கு 4.88 விகிதத்தைத் தேர்வோரும் உளர். டயரின் பெயரளவு விட்டத்தைவிட உண்மை விட்டம் சற்றுக் குறைவாக இருப்பது வழக்கமாதலால், அளந்து கணக்கிடுவதே சரியானது.

ஆறு கியர் கொண்ட கைமுறைக் கியர்ப்பெட்டியின் ஆறாம் கியரில் (விகிதம் 0.84), மணிக்கு 100 கிமீ வேகத்தில் இயந்திரத்தின் சுழற்சி தோராயமாகப் பின்வருமாறு அமையும்:

* 32 அங்குலம், 4.10: நிமிடத்திற்கு 2240
* 35 அங்குலம், 4.10: நிமிடத்திற்கு 2060
* 35 அங்குலம், 4.56: நிமிடத்திற்கு 2290
* 35 அங்குலம், 4.88: நிமிடத்திற்கு 2450
* 35 அங்குலம், 5.13: நிமிடத்திற்கு 2570

ஊர்தல் விகிதம்

பாறைகளின் மீது மெல்ல ஏறி இறங்கும் திறனைக் குறிக்கும் அளவு ஊர்தல் விகிதம் எனப்படுகிறது. முதல் கியரின் விகிதம், டிரான்ஸ்ஃபர் கேஸ் எனப்படும் விசைப் பகிர்வுப் பெட்டியின் தாழ்நிலை விகிதம், அச்சு விகிதம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையே இது. கைமுறைக் கியர்ப்பெட்டி கொண்ட ரூபிகானில் இது 4.46 × 4.0 × 4.10 = 73.1 ஆகும். பகிர்வுப் பெட்டியின் விகிதம் 2.72 ஆகவும் அச்சு விகிதம் 3.21 ஆகவும் உள்ள ஜேகே வாகனத்தில் இது 38.9 மட்டுமே.

இயந்திரம் நிமிடத்திற்கு 700 முறை சுழல்வதாகக் கொண்டால், முதலாவது வாகனம் 32 அங்குல டயருடன் மணிக்குச் சுமார் 1.5 கிமீ வேகத்தில் ஊரும். இரண்டாவது வாகனம் 35 அங்குல டயருடன் மணிக்கு 3 கிமீ வேகத்தில் செல்லும். செங்குத்தான இறக்கத்தில் இவ்வேறுபாடு பாதுகாப்பைப் பாதிக்கிறது. ஊர்தல் விகிதம் போதாத வாகனத்தை இயந்திரத்தால் தடுத்து நிறுத்த இயலாது. ஓட்டுநர் பிரேக்கையே நம்ப வேண்டும். தளர்ந்த கற்களின் மேல் பிரேக்கை அழுத்தினால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வாகனம் சறுக்கக்கூடும். ரூபிகான் வகைக்குப் பெயர் தந்த, கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலுள்ள ரூபிகான் தடம் இத்தகைய பாறை வழிக்கு எடுத்துக்காட்டாகும்.

முடிவைத் தீர்மானிக்கும் காரணிகள்

* டயரின் அளவு: விட்டம் சிறிதளவே கூடியிருப்பின் மாற்றம் பெரும்பாலும் தேவையில்லை.
* இயந்திரம்: 2011 வரை பயன்பட்ட 3.8 லிட்டர் இயந்திரம் தன் உச்ச முறுக்குவிசையை நிமிடத்திற்கு 4000 சுழற்சியில் தந்தது. குறைந்த சுழற்சியில் பெரிய டயர்களை இழுக்க அது திணறும். 2012 முதல் வந்த 3.6 லிட்டர் இயந்திரம் திறன் மிக்கதாதலால் தேவை சற்றுக் குறைவு.
* கியர்ப்பெட்டி: 2011 வரையிலான தானியங்கிக் கியர்ப்பெட்டியில் நான்கு கியர்களே இருந்தன, நான்காவதன் விகிதம் 0.69. விகிதம் மாற்றாத ரூபிகானில் 35 அங்குல டயருடன் 100 கிமீ வேகத்தில் இயந்திரம் 1700 சுழற்சிக்கும் கீழே சென்றுவிடும். மேடு வரும்போதெல்லாம் பெட்டி கீழ்க்கியருக்கும் மேல்கியருக்கும் மாறிமாறித் தாவும். இதனால் எண்ணெய் சூடாகிப் பெட்டியின் ஆயுள் குறையும்.
* பயன்பாடு: பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடும் வாகனத்தில் மிகை விகிதம் இரைச்சலையும் எரிபொருள் செலவையும் கூட்டக்கூடும். மலைச்சாலையிலும் பாறையிலும் ஓடுவதற்கு அது நன்மை தரும்.

மாற்று வழிகள்

நெடுஞ்சாலையில் ஒரு கியர் குறைத்து ஓட்டுவது செலவற்ற வழியாகும். தாழ்நிலை வேகம் மட்டுமே குறை எனில், பகிர்வுப் பெட்டியை மாற்றுவது போதும். மேற்கூறிய 38.9 விகித வாகனத்தில் 4.0 தாழ்நிலை கொண்ட பெட்டியைப் பொருத்தினால் ஊர்தல் விகிதம் 57.3 ஆகும். அச்சு விகிதத்தை 4.88 ஆக்கினால் 59.2 கிடைக்கும். இரண்டும் ஏறத்தாழச் சமமே. ஆனால் பகிர்வுப் பெட்டி மாற்றம் சாதாரணச் சாலை ஓட்டத்தில் எந்த வேறுபாட்டையும் தராது. அச்சு மாற்றம் எல்லாக் கியர்களிலும் பயன் தரும்.

செய்முறையும் வரம்புகளும்

முன், பின் அச்சுகள் இரண்டிலும் விகிதம் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறுபட்டால் நான்கு சக்கர இயக்கத்தில் தண்டுகள் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிப் பாகங்கள் உடையும்.

புதிய இணையைப் பொருத்துகையில் பினியனின் ஆழம், தாங்கிகளின் முன்னிறுக்கம், பற்களுக்கு இடையிலான தளர்வு ஆகியவை மெல்லிய தகடுகளால் சரிசெய்யப்படுகின்றன. பற்களில் வண்ணப்பசை தடவி, அவை தொடும் தடம் சரிபார்க்கப்படும். இதில் பிழை நேர்ந்தால் அச்சு ஊளையிடுவதுடன் பற்கள் விரைவில் தேய்ந்துபோகும். பொருத்திய பின் முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு மென்மையாக ஓட்டி, பிறகு அச்சு எண்ணெயை மாற்றுவது பரிந்துரைக்கப்படுகிறது. வேகமானியும் தானியங்கிக் கியர்ப்பெட்டியும் சரியாக இயங்க, டயரின் அளவையும் விகிதத்தையும் வாகனக் கணினியில் பதிய வேண்டும்.

விகிதம் கூடக்கூடப் பினியன் சிறிதாகிறது. 4.10 விகிதத்தில் 10 பற்கள் உள்ள பினியன், 4.56இல் 9 பற்களும் 5.13இல் 8 பற்களும் கொண்டதாகிறது. ஒரே நேரத்தில் பொருந்தும் பற்கள் குறைவதால் வலிமையும் குறைகிறது. எனவே தேவைக்கு மேற்பட்ட விகிதத்தைத் தேர்வது அச்சையே பலவீனமாக்கும்.

டிஃபரன்சியல் பூட்டு பொருத்தும் எண்ணம் இருப்பின், அச்சு பிரிக்கப்படும் அதே வேளையில் அதனையும் செய்வது கூலியை மிச்சப்படுத்தும்.

இவற்றையும் பார்க்க

* முறுக்குவிசை
* பற்சக்கரம்
* நான்கு சக்கர இயக்கம்
* டிஃபரன்சியல்