மின்பட்டியலும் ஏற்றத்தாழ்வும்: இலங்கையின் வீட்டு மின்கட்டண வரலாறு, 1950–2025

மாதம் 30 அலகு மின்சாரம் பாவிக்கும் ஒரு வீடு, 2022 ஜூலை வரை வரிகள் நீங்கலாக 105 ரூபா கட்டியது. 2023 பெப்ரவரியில் அதே வீடு, அதே 30 அலகுக்கு 1,300 ரூபா கட்ட வேண்டியிருந்தது. அதே காலத்தில் 200 அலகு பாவித்த வீட்டின் பட்டியல் ஏறக்குறைய 4,960 ரூபாவிலிருந்து 11,780 ரூபாவானது. முதல் வீட்டின் சுமை பன்னிரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. இரண்டாவது வீட்டுக்கு இரண்டரை மடங்குகூட ஏறவில்லை.

நாடு முழுவதையும் தாக்கிய ஒரே நெருக்கடி இரண்டு வீடுகளை இப்படி இரு வேறு அளவில் தாக்கியது எப்படி? இதற்கு விடை தேட 2022ஆம் ஆண்டிலிருந்து தொடங்கினால் போதாது. மின்சாரம் யாருடைய நிலத்தில் பிறந்தது, யாருடைய வீட்டுக்கு முதலில் போனது, அதன் விலையை யார், எந்தக் கணக்கில் தீர்மானித்தார்கள் என்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும். கட்டண அட்டவணை வெறும் கணக்குத் தாள் அல்ல, அது ஒரு சமூகக் கொள்கை ஆவணம் என்பதே இக்கட்டுரையின் வாதம். அட்டவணை ஏழைக்குச் சாதகமாக இருந்த காலத்திலும் அந்தச் சாதகம் உரிமையாக உறுதிசெய்யப்படவில்லை. அதனால்தான் நெருக்கடி வந்தபோது அது முதலில் பறிபோனது.

அணைக்கட்டுகளின் நாடு

இலங்கையில் மின்விளக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்பில் எரியத் தொடங்கியது. ஹோட்டல்கள், வணிக நிலையங்கள், ட்ராம் வண்டிகள் என்று அது நகரத்துச் செல்வத்தைச் சுற்றியே இருந்தது. மலைநாட்டு ஆறுகளைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஆய்வுரை படித்தார். அது நிறைவேற முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோதுதான் மின்சாரம் ஒரு தேசியப் பண்டமானது.

1960களில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வந்தன. மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. 1969இல் இலங்கை மின்சார சபை உருவானது. 1980களில் துரித மகாவலித் திட்டத்தின் கீழ் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல அணைகள் எழுந்தன. 1990களின் நடுப்பகுதி வரை நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீரிலிருந்தே வந்தது.

இந்த அணைகளில் பல தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் நிற்கின்றன. அந்தத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் தமிழகத்திலிருந்து கூலிகளாக அழைத்துவரப்பட்டவர்களின் சந்ததியினர். பல தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைகள் சிறிய நீர்மின் சுழலிகளைக் காலனித்துவ காலத்திலேயே ஓட்டின. தொழிற்சாலையில் மின்விளக்கு எரிய, அருகில் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளான லயங்களில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு எரிந்த நிலை தலைமுறைகளாக நீடித்தது. 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையம் திறக்கப்பட்டது. அதற்காக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் நீர்ப்பெருக்கு குறைந்தது.

வடக்கின் கதை வேறு. உள்நாட்டுப் போரில் 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயே கிடைக்காத நாட்களில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்தது. குடாநாட்டின் சுன்னாகத்துக்குத் தேசிய வலையமைப்பின் மின்சாரம் மீண்டும் வந்தது போர் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2013இல்தான். மலிவு மின்சாரம் என்று நாடு பெருமைப்பட்ட ஆண்டுகளின் பலனை எல்லோரும் சமமாக அனுபவித்துவிடவில்லை.

படிமுறைக் கட்டணமும் அதன் ஓட்டைகளும்

இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. பாவனை கூடக்கூட அலகு விலையும் ஏறும். மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். 2022 ஜூலை வரை நடைமுறையிலிருந்த அட்டவணைப்படி, முதல் 30 அலகுக்கு அலகு ஒன்று 2.50 ரூபா. 60 வரை 4.85 ரூபா. 180 அலகுக்கு மேல் 45 ரூபா. அதிகம் பாவிப்பவர் கட்டும் உபரியால் குறைவாகப் பாவிப்பவருக்கு விலை குறைந்தது. நோக்கம் நியாயமானது. பலகாலம் அது உண்மையாகவே ஏழைக்கு உதவியது.

மாதம் 30 அலகு, அதாவது நாளொன்றுக்கு ஓர் அலகு, என்றால் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். நான்கு எல்இடி விளக்குகள் ஐந்து மணிநேரம், தொலைக்காட்சி நான்கு மணிநேரம், ஒரு மின்விசிறி இரவு முழுவதும், கைபேசிக்கு மின்னேற்றம்: இவ்வளவுதான். குளிர்சாதனப் பெட்டிக்கு அதில் இடமில்லை. இவ்வளவே பாவிக்கும் வீட்டில் சிக்கனம் செய்து குறைக்க ஒன்றும் மிச்சமில்லை. 200 அலகு பாவிக்கும் வீட்டில் ஏசியை நிறுத்தலாம், வெந்நீர்க் கருவியைக் குறைக்கலாம்.

ஆனால் இந்த அமைப்பு வீட்டை அளக்கவில்லை, மீற்றரை அளந்தது. ஒரே மீற்றரில் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் 40 அலகு பாவிக்கும் இரண்டு குடும்பங்களுக்குத் தனித்தனி மீற்றர் இருந்தால், பழைய அட்டவணைப்படி இருவருக்கும் சேர்த்து 367 ரூபா. அதே 80 அலகு ஒரே மீற்றரில் ஓடினால் 761 ரூபா. 60ஐத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே வேறு விலை தொடங்கிவிடும் என்பதே காரணம். திருமணமான மகன் அதே லய அறையில் ஒரு தடுப்பு வைத்துக் குடியிருப்பது தோட்டங்களில் வழக்கம். இடநெருக்கடியில் வாழ்பவருக்கே இந்தத் தண்டனை. மறுபுறம், எப்போதாவது திறக்கப்படும் ஓய்வு வீடும் 30 அலகுக்குள் நின்று சலுகை பெற்றது. குறைவாகப் பாவிப்போர் எல்லோரும் ஏழைகள் அல்லர். ஏழைகள் எல்லோருடைய மீற்றரும் குறைவாக ஓடுவதில்லை.

மழையிலிருந்து நிலக்கரிக்கு

1996 வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றின. நாடு நீண்ட மின்வெட்டைச் சந்தித்தது. நீரை மட்டும் நம்பக்கூடாது என்ற பாடம் கிடைத்தது. அதற்கு மாற்றாக வந்தவை முதலில் டீசலும் உலை எண்ணெயும், பின்னர் நிலக்கரி. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் முதல் இயந்திரம் 2011இல் ஓடியது. 2014இல் அது 900 மெகாவாட் நிலையமாக நிறைவடைந்தது. 2010களின் நடுவில் நாட்டில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்தது. தெற்காசியாவில் இது பெரிய சாதனை.

இந்த விரிவாக்கத்தோடு ஓர் ஆபத்தும் வளர்ந்தது. மழைக்கு டொலர் தேவையில்லை. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் தேவை. உள்நாட்டு மழையில் ஓடிய விளக்கு இப்போது அந்நியச் செலாவணியில் ஓடியது. கட்டணமோ அரசியலில் ஓடியது. 2014 செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன், கட்டணம் 25 வீதம் குறைக்கப்பட்டது. அதன்பின் எட்டு ஆண்டுகள் எந்த அரசும் வீட்டுக் கட்டணத்தைத் தொடவில்லை. செலவு ஏற ஏறச் சபையின் கடன் குவிந்தது. கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002இலேயே சட்டத்தால் உருவாகியிருந்தது. 2009 மின்சாரச் சட்டமும் கட்டணத்துக்கு முறையான நடைமுறையை வகுத்திருந்தது. சட்டம் இருந்தும், சிறிது சிறிதாக ஏறியிருக்க வேண்டிய விலை எட்டு ஆண்டுகள் அணைபோட்டு நிறுத்தப்பட்டது.

பன்னிரண்டு மடங்கின் கணக்கு

2022 மார்ச் இறுதியில் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. ஓகஸ்ட் 10இல் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். சர்வதேச நாணய நிதியத்தின் உதவிக்கு, செலவை மீட்கும் கட்டணம் ஒரு நிபந்தனையாக இருந்தது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அன்றைய தலைவர் ஜனக ரத்நாயக்க பெப்ரவரி உயர்வை எதிர்த்தார். மே மாதம் பாராளுமன்றத் தீர்மானத்தின் மூலம் அவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்.

சராசரிக்குள் மறைந்திருப்பதே இங்கே முக்கியம். 30 அலகு வீட்டுக்கு ஓகஸ்டில் பட்டியல் 105லிருந்து 360 ரூபாவானது, பெப்ரவரியில் 1,300. இதில் 400 ரூபா நிலையான கட்டணம்: விளக்கை ஒருநாளும் போடாவிட்டாலும் கட்ட வேண்டியது. 60 அலகு வீட்டுக்கு 280 ரூபா 2,560 ஆனது. 180 அலகுக்கு மேற்பட்ட பாவனையின் அலகு விலையோ ஓகஸ்டில் 45லிருந்து 75 ஆனதோடு நின்றது. பெப்ரவரியில் அது ஒரு சதமும் ஏறவில்லை. இரண்டாம் உயர்வின் பெரும் எடை அட்டவணையின் அடிப்படிகளின் மேல் இறக்கப்பட்டது.

அடிப்படிகளின் விலை உற்பத்திச் செலவைவிட மிகக் குறைவாக இருந்ததால் அவை அதிகம் ஏற நேர்ந்தது என்பது அரசுத் தரப்பின் விளக்கம். கணக்காக அது பிழையில்லை. ஆனால் எட்டு ஆண்டுகள் ஏற்றாமல் விட்டது அரசு. அந்த நிலுவையை ஆறே மாதங்களில் தீர்க்கச் சொன்னது தோட்டத் தொழிலாளியிடம். அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. மாத மின்பட்டியல் ஒரு நாள் கூலியை விழுங்கியும் தீரவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2019இல் 11 வீதமளவில் இருந்த வறுமை 2022இல் 25 வீதமானது. நலன்புரி உதவியான அஸ்வெசும தொடங்கியதோ 2023 ஜூலையில். சுமை பெப்ரவரியில் வந்தது; கைத்தடி ஐந்து மாதம் கழித்து வந்தது.

2023இல் பத்து இலட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகப் பாராளுமன்ற மேற்பார்வைக் குழுவின் முன் தெரிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மின்சார சபை 61 பில்லியன் ரூபா இலாபம் காட்டியது. துண்டிக்கப்பட்ட வீடு நிலுவையை மட்டும் கட்டினால் போதாது, மீள இணைக்கவும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பணமில்லாமையால் வெட்டுப்பட்டவரிடமே மேலும் பணம் கேட்கும் ஏற்பாடு இது.

அடுப்படி

மின்சாரத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். 2021 ஒக்டோபருக்கு முன் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. விளக்குக்கும் அடுப்புக்கும் மீன்பிடிப் படகுக்கும் மண்ணெண்ணெயை நம்பியவர்களுக்கு அது பேரிடி.

நகரத்தில் எரிவாயுவை விட்டவர்கள் மின்அடுப்புக்குப் போக முயன்றார்கள். மின்கட்டணம் அங்கும் வழிமறித்தது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகில் சமைத்தன. எரிவாயுவுக்கு மாறியிருந்த குடும்பங்கள் பலவும் மீண்டும் விறகுக்குத் திரும்பின. கொழுந்து பறித்து முடித்த பெண், கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைத் தலையில் கட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறுகிறாள். புகைபோக்கி இல்லாத அறையில் அந்தப் புகையை அவளும் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள். எந்தப் பட்டியலிலும் பதியாத எரிசக்திச் செலவு இது. அதைச் செலுத்துவது பெண்ணின் நேரமும் நுரையீரலும்.

கூரை உள்ளவர்

வசதியுள்ள வீட்டுக்கு வேறொரு வழி திறந்திருந்தது. 2010இல் கூரைச் சூரியசக்தியை வலையமைப்புடன் இணைக்கும் ஏற்பாடு வந்தது. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் அதை விரிவாக்கியது. உபரி மின்சாரத்துக்கு முதல் ஏழு ஆண்டுகள் அலகுக்கு 22 ரூபா கிடைத்தது. அலகுக்கு 45 ரூபா கட்டிய வீட்டுக்கு இது பெரும் விடுதலை. நாட்டுக்கும் இது நன்மைதான். நிலக்கரி குறைகிறது, டொலர் மிஞ்சுகிறது.

ஆனால் இதற்குச் சொந்தக் கூரையும் பல இலட்சம் முதலும் வங்கிக் கடன் பெறும் தகுதியும் வேண்டும். லய அறையின் கூரை அங்கே வாழ்பவருக்குச் சொந்தமல்ல, நிலமும் சொந்தமல்ல. மேல்படிப் பாவனையாளர் பட்டியலிலிருந்து விலகும்போது கீழ்ப்படிக்குச் சலுகை தந்த உபரியும் சுருங்குகிறது. கம்பி, மின்மாற்றி, ஊழியர் சம்பளம் ஆகிய நிலையான செலவுகள் எஞ்சியிருப்பவர் தலையில் விழுகின்றன. 2022–23 உயர்வு ஒரு தடவை விழுந்த அடி. இந்தப் பிளவு ஆண்டுதோறும் அகலக்கூடியது. சூரியசக்தியைக் குறை சொல்வதால் இதற்குத் தீர்வு வராது. பாடசாலை, கோயில், தொழிற்சாலைக் கூரைகளில் சமூக உடைமையாகத் தகடுகளைப் பொருத்தி, அந்த வருமானத்தைச் சுற்றியுள்ள லயங்களின் பட்டியலில் கழிக்கும் ஏற்பாடு சட்டத்தில் வரவேண்டும்.

முடிவாக

2023 ஜூலையில் 30 அலகு வீட்டின் பட்டியல் 450 ரூபாவாக இறங்கியது. 2024இல் இரண்டு குறைப்புகள். 2025 ஜனவரியில் அது 195 ரூபாவை எட்டியது. 2025 ஜூனில் மின்கட்டணம் மீண்டும் சராசரியாக 15 வீதம் ஏறியது. இறங்கியதற்கு நல்ல மழை பெரிய காரணம். தேர்தல் ஆண்டின் அழுத்தமும் சேர்ந்தது. 1,300 ரூபா தவிர்க்க முடியாத விலை அல்ல, ஐந்தே மாதங்களில் மாற்றக்கூடிய ஒரு முடிவுதான் என்பதை இந்த இறக்கம் காட்டுகிறது. அந்த ஐந்து மாதங்களில் வெட்டுப்பட்ட இணைப்பு, வாங்கிய வட்டிக்கடன், இரவில் படிக்க முடியாமல் போன பிள்ளையின் பரீட்சை ஆகியவை கட்டணத்தோடு சேர்ந்து திரும்பி வரவில்லை.

ஏழையின் விளக்கு முக்கால் நூற்றாண்டாக மழைக்கும் தேர்தலுக்கும் கட்டுப்பட்டிருக்கிறது. இதை மாற்ற மூன்று விடயங்கள் சட்டமாக வேண்டும். ஒன்று, ஒரு குடும்பத்துக்கு அத்தியாவசியமான அலகுகளின் விலை எந்தக் கட்டணத் திருத்தத்திலும் சராசரி உயர்வைத் தாண்டக்கூடாது. நிலையான கட்டணத்துக்கும் இதே வரம்பு வேண்டும். இரண்டு, சலுகை மீற்றருக்கு அல்லாமல் குடும்பத்துக்குப் போக வேண்டும். அதற்கு லயங்களில் தனித்தனி மீற்றர் தருவது முதல் வேலை. மூன்று, உதவித்தொகை வீட்டுக்குப் போய்ச் சேரும் முன் கட்டண உயர்வு நடைமுறைக்கு வரக்கூடாது.

அணைகளுக்கு நிலம் கொடுத்தவர்களும் அவற்றைச் சுற்றித் தேயிலை பறிப்பவர்களும் இந்த மின்சாரத்துக்கு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறார்கள். அடுத்த நெருக்கடியில் அட்டவணை எழுதப்படும்போது அந்த விலை கணக்கில் வரவேண்டும்.