புதுக்காரும் சுமைகூலியும்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பொருளின் விலையை மட்டும் கேட்டறிந்து, அதை வீடு கொண்டுவந்து சேர்க்கும் செலவை எண்ணாது விடுகின்றவனுக்காகச் சொல்லப்பட்டது அது. கூடை சுமந்து சந்தைக்குச் சென்ற காலத்தில் பிறந்த இம்மொழி, கார் ஓடும் காலத்திலும் பொய்த்துவிடவில்லை. புதுக்கார் ஒன்றை வாங்கி, அதன் வேகத்தையும் திறனையும் கூட்டும் துணைப்பொருள்களைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேரூன்றிய வரலாறு, இப்பழமொழிக்கு எழுதப்பட்ட உரை போலவே அமைந்துள்ளது.

மிதிவண்டியை விட்டு இறங்கிய காலம்

கிள்ளான் நகருக்கு வடக்கே அமைந்த சிற்றூர் மேரு. ஒரு காலத்தில் அதனைச் சூழ்ந்த நிலப்பரப்பெங்கும் தோட்டங்களே பரந்து கிடந்தன. அத்தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்க்கு மிதிவண்டியே பெருஞ்செல்வம். அதற்கு ஒரு மணியும், சக்கரம் சுழலச் சுழல ஒளிவிடும் டைனமோ விளக்கும் பூட்டிவிட்டால் அதன் மதிப்பே வேறு. ஆயினும், அந்த வண்டியில் நிமிர்ந்து அமர்ந்து செல்லும் உரிமை அன்று முழுமையாக இல்லை. எதிரே வெள்ளைக்காரத் துரை வந்தால் தொழிலாளி கீழே இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் இருந்தது.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர். எச். நாதன் முதலியோர் அதற்கு வழிகாட்டினர். கூலி உயர்வு, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, துரைமார் எதிரே மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பதும் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று. நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். போராட்டம் ஒடுக்கப்பட்டது, எனினும் அக்கோரிக்கை ஒன்றைத் தெளிவாக உணர்த்திச் சென்றது. ஊர்தி என்பது இம்மக்களுக்குப் போக்குவரத்துக் கருவி மட்டுமன்று. தன்மானத்தின் அடையாளமும் ஆகும். பின்னாளில் அவர்தம் பேரப்பிள்ளைகள் காரை அழகு செய்வதிலும், அதன் திறனைப் பெருக்குவதிலும் காட்டிய ஆர்வத்தை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது.

வணிகம் பிறந்த கதை

துணைப்பொருள் வணிகம் காரோடு கூடப் பிறந்தது. அமெரிக்காவில் 1908-இல் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' காருக்குத் தொடக்க காலத்தில் முன்கண்ணாடியும் முகப்பு விளக்கும்கூடத் தனி விலை கொடுத்துப் பெறவேண்டிய பொருள்களாக இருந்தன. இன்றியமையாதவை பின்னர் காரின் விலைக்குள்ளேயே அடங்கின. வேகத்தை நாடியவர்களுக்கு வேறு வணிகர் தோன்றினர். இத்தாலியில் 1949-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய கார்லோ அபார்த், எளிய மக்களின் சிறு கார்களுக்கான புகைக்குழாய்களை விற்றுப் புகழ் பெற்றார். பந்தய வீரனுக்குரிய பெருமையைக் குறைந்த சம்பளக்காரனும் விலைக்கு வாங்கலாம் என்னும் கருத்து அதன்வழிப் பரவியது.

மலேசியாவில் இக்கருத்துக்கு ஏற்ற நிலம் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலேயே உருவாயிற்று. நாட்டின் முதல் கார் பூட்டும் தொழிற்சாலை 1967-இல் ஷா ஆலமை அடுத்த பத்து தீகாவில் எழுந்தது. சுவீடன் நாட்டு வால்வோ கார்கள் அங்கே பூட்டப்பட்டன. அதே பத்து தீகாவில் 1968-இல் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. 1985 சூலைத் திங்களில் தேசியக் காரான புரோட்டோன் சாகா ஷா ஆலமிலிருந்து வெளிவந்தது. கார் செய்யும் இடமும், கார் பந்தயம் ஓடும் இடமும், கார் வாங்கத் துடிக்கும் மக்கள் வாழும் இடமும் ஒரே பள்ளத்தாக்கில் கூடின. பட்டறைகள் பெருகியதில் வியப்பில்லை.

பணம் கிடைக்கும் வழியும் அதே காலத்தில்தான் சீர்பட்டது. 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் 1968 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. விலையில் பத்தில் ஒரு பங்கையேனும் முன்பணமாகச் செலுத்தவேண்டும் என்றும், விலை, முன்பணம், வட்டி முதலியவற்றை ஒப்பந்தத்திற்கு முன்பே எழுத்தில் காட்டவேண்டும் என்றும் அது விதித்தது. அதுவரை வசதி படைத்தோரின் உடைமையாக இருந்த கார், மாதச் சம்பளக்காரன் கைக்கும் எட்டியது. தோட்டங்கள் குடியிருப்புகளாக மாறியபோது இத்தேவை மேலும் வளர்ந்தது. மேருவுக்கு அருகில் நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று செத்தியா ஆலாம் நகரம் நிற்கின்றது. தோட்டத்தில் வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறியவனுக்கோ வேலை தொழிற்பேட்டையில், வீடு தொலைவில். கார் இல்லாமல் பிழைப்பு இல்லை என்றாயிற்று.

கஞ்சிலும் புதிய இதயமும்

1994-இல் பெரோடுவா நிறுவனம் கஞ்சில் என்னும் சிறு காரை வெளியிட்டது. 660 சிசி அளவுடைய அதன் இயந்திரம் தந்த ஆற்றல் ஏறத்தாழ 30 குதிரைத்திறனே. விலை குறைவு; எண்ணெய்ச் செலவு குறைவு; வேகமும் குறைவு. இக்குறையைப் போக்கும் வழி சப்பானிலிருந்து வந்தது. அங்கே ஓடும் கார்கள் குறித்த கால இடைவெளியில் கடுமையான சோதனைக்கு உட்படவேண்டும். அச்செலவுக்கு அஞ்சிப் பலர் நல்ல நிலையிலுள்ள வண்டிகளையே கழித்துவிடுவர். அவ்வாறு கழிக்கப்பட்ட கார்கள் குறுக்கே அறுக்கப்பட்டு, இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் மின்கம்பிகளும் அடங்கிய முன்பாதி மட்டும் கப்பலேறி வந்தது. பட்டறைத் தொழிலாளர் இதனை 'ஹாஃப் கட்' என்றே வழங்குவர்.

கஞ்சிலின் மூலமான டைஹட்சு மீரா காரின் டர்போ இயந்திரம் அவ்வாறு கிடைத்தது. அவ்வகைச் சிறு கார்களுக்குச் சப்பானில் வகுக்கப்பட்ட உச்ச அளவு 64 குதிரைத்திறன். அதாவது, இயந்திரத்தை மாற்றினால் காரின் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகும். இதனைக் கேட்ட இளைஞன் உள்ளம் துள்ளியது இயல்பே. ஆனால் சுமைகூலி இங்கேதான் தொடங்குகின்றது. 30 குதிரைத்திறனுக்கென அமைந்த தடைக்கருவியும் டயரும் 60 குதிரைத்திறனைத் தாங்கி நிறுத்த வல்லவை அல்ல. எனவே அவற்றையும் மாற்றவேண்டும். வண்டியைத் தாழ்த்தச் சுருள்வில்லை மாற்றினால் அதிர்வு தாங்கியையும் மாற்றவேண்டும்; சக்கரங்களின் கோணத்தை மீண்டும் நேர்செய்ய வேண்டும். பெரிய ரிம் பூட்டினால் டயரின் விலையும் கூடும். வெளிவிட்டம் மாறினால் வேகமானி காட்டும் எண்ணும் பிழைபடும். புகைக்குழாயை அகலமாக்கினால் எண்ணெயும் காற்றும் கலக்கும் அளவைச் சரிசெய்யாமல் முழுப்பயன் கிட்டாது. ஒரு பொருளை வாங்கச் சென்றவன் ஐந்து பொருளுக்கும், அவற்றைப் பொருத்தும் கூலிக்கும் விடை சொல்ல வேண்டியவனாகின்றான். கையில் பணம் தீர்ந்தபோது பலரும் விட்டுவிட்டது தடைக்கருவியைத்தான். அது வெளியே தெரியாத பொருள். ஆனால் உயிரைக் காப்பது அதுவே.

விலைச்சீட்டில் மறைந்த வட்டி

பழைய காரின் உரிமையாளன் துணைப்பொருளுக்குக் கைப்பணம் கொடுத்தான். பணம் இருந்தபோது பொருத்தினான், இல்லாதபோது காத்திருந்தான். புதுக்கார் வாங்குகின்றவனுக்கு வேறொரு வழி திறந்தது. துணைப்பொருளும் பொருத்துக்கூலியும் காரின் விலைச்சீட்டிலேயே சேர்ந்துவிட்டால், அவையும் தவணைக் கடனுக்குள் அடங்கிவிடும். இப்போது எதுவும் தரவேண்டியதில்லை என்னும் சொல்லைவிட இனிமையான சொல் கடைத்தெருவில் வேறில்லை.

கணக்கைப் பார்த்தால் அதன் கசப்பு விளங்கும். எடுத்துக்காட்டாக, 3,000 வெள்ளி பெறுமான துணைப்பொருள்கள் 4 விழுக்காட்டு நிலை வட்டியில் 7 ஆண்டுக் கடனில் சேர்க்கப்படுவதாகக் கொள்ளலாம். ஆண்டுக்கு 120 வெள்ளி வீதம் வட்டி 840 வெள்ளி. ஆக மொத்தம் 3,840 வெள்ளி. மாதத் தவணையில் கூடுவதோ 46 வெள்ளிக்கும் குறைவு. அதனால்தான் சுமை தெரிவதில்லை. மேலும், வாடகைக் கொள்முதலில் நெடுங்காலம் வழங்கிய இந்நிலை வட்டி முறையில், கடன் மாதந்தோறும் குறைந்துவந்தாலும் வட்டி முதல்நாள் தொகைக்கே கணக்கிடப்படும். குறைந்துவரும் நிலுவைக்கு ஏற்பக் கணக்கிட்டால், 4 விழுக்காடு என்று சொல்லப்பட்டது உண்மையில் 7 விழுக்காட்டையும் தாண்டி நிற்கும். வகுப்பறையில் தனிவட்டி கற்ற மாணவன் ஒருவன் இக்கணக்கைத் தன் தமையனுக்குப் போட்டுக் காட்டினால், கற்ற கல்வி அன்றே பயன்பட்டதாகும்.

வேறொரு முரணும் உண்டு. டயர் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அதிர்வு தாங்கியின் வலிமை குன்றும். புதுமையின் மினுமினுப்பு அதற்கு முன்பே மங்கும். கடன் மட்டும் ஏழாம் ஆண்டுவரை இளமையோடு இருக்கும்.

வண்டி யாருடையது?

வாடகைக் கொள்முதல் என்னும் பெயரே ஓர் உண்மையைச் சொல்கின்றது. கடைசித் தவணை தீரும்வரை காரை ஓட்டுகின்றவன் சட்டத்தின் பார்வையில் வாடகையாளனே. உரிமை கடனளித்த நிறுவனத்தைச் சார்ந்தது. தொடர்ந்து இரு தவணைகள் தவறி, எழுத்துமூல அறிவிப்பு தந்து 21 நாள்கள் கழிந்த பின்னரே வண்டியை மீட்டெடுக்கலாம் என்று சட்டம் வாடகையாளனுக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது. ஆனால் அவ்வாறு மீட்கப்படும் நாளில், காரோடு ஒன்றிப்போன இயந்திரப் பாகங்களும் காரோடே போகும். தன்னுடையது ஆகாத வண்டியில் தன் உழைப்பின் பயனைப் பூட்டியவன் வெறுங்கையோடு நிற்பான்.

காப்புறுதியும் இவ்வாறே. தொழிற்சாலை பூட்டாத துணைப்பொருள்களைத் தனியே அறிவித்து, கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்த்தாலன்றி அவற்றுக்கு இழப்பீடு எதிர்பார்த்தல் அரிது. இயந்திர மாற்றத்தை மறைத்தவனுக்கு விபத்து நேர்ந்தால் வழக்காடவேண்டிய நிலையும் வரலாம். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், இயந்திரம் மாற்றப்பட்டால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் தெரிவித்து ஒப்புதல் பெற்றாக வேண்டும். வண்டி சோதனைக்கும் உட்படும். புதுக்காருக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதமும், மாற்றத்தால் விளைந்த பழுதுக்குக் கைகொடுக்காது. ஒப்புதல், சோதனை, காப்புறுதி, உத்தரவாதம் ஆகிய நான்கும் எந்த விலைச்சீட்டிலும் எழுதப்படாத சுமைகூலிகள்.

தொழிற்சாலையே பூட்டிய காலம்

இச்சிக்கலுக்கு ஒரு மாற்று வழியும் வரலாற்றில் உண்டு. 1996-இல் புகழ்பெற்ற இங்கிலாந்து நிறுவனமான லோட்டசைப் புரோட்டோன் வாங்கியது. லோட்டசின் கைவண்ணத்தில் சத்ரியா ஜிடிஐ என்னும் கார் பிறந்தது. பின்னர் பந்தயம், ராலி, ஆராய்ச்சி என்னும் மூன்றனையும் குறிக்கும் 'ஆர் 3' பிரிவு தோன்றி, திறன் கூட்டிய கார்களைச் சிறு எண்ணிக்கையில் செய்தது. 2002-இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் கார் ஓட்டி, உலக ராலிப் போட்டியின் உற்பத்திக் கார்ப் பிரிவில் வாகை சூடியபோது, உள்நாட்டுக் காரும் உலக வேகத்திற்கு ஈடுகொடுக்கும் என்பது மெய்ப்பட்டது.

இவ்வகைக் காரின் சிறப்பு வேகத்தில் மட்டுமில்லை. தடைக்கருவி, சுருள்வில், டயர், இயந்திரம் அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு ஒரே கையால் அமைக்கப்பட்டவை. பொருத்துக்கூலியும் ஒப்புதலும் உத்தரவாதமும் விலைக்குள் அடங்கியவை. விலை கூடுதல்தான், ஆனால் வாங்குகின்றவன் எதற்கு எவ்வளவு கொடுக்கின்றான் என்பதை அறிந்து கொடுத்தான். அத்தகைய காரை வாங்க இயலாதவனே பட்டறையை நாடினான் என்பதும் மறுக்கவொண்ணாத உண்மை. பட்டறைகளிலும் திறமைக்குக் குறைவில்லை. பிறநாட்டு இயந்திரத்தைப் பிரித்து, மின்கம்பிகளை அடையாளங்கண்டு, வேறொரு காரில் உயிர்பெறச் செய்தல் எளிய கலையன்று. வேலைப்பாட்டில் குறைவில்லாத பட்டறைக்கும் கணக்கில் குறைவில்லாத வாடிக்கையாளன் வாய்க்கவேண்டும் என்பதே வரலாறு சொல்லும் பாடம்.

மஞ்சாடியின் எடை

முதல் தேசியக் காருக்குச் சூட்டப்பெற்ற 'சாகா' என்னும் பெயர், சிவந்து உறுதியான விதை தரும் ஒரு மரத்தின் மலாய்ப் பெயர். தமிழில் அதன் விதையை மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் வழங்குவர். தமிழ்ப் பொற்கொல்லர் அவ்விதையைத் தராசுத் தட்டில் இட்டுப் பொன் நிறுத்தனர். இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி என்பது பழைய அளவை வாய்பாடு.

பொன்னின் மினுக்கில் கண் மயங்காமல் அதன் எடையைச் சொன்ன விதையின் பெயரே ஒரு காருக்கு அமைந்தது பொருத்தமானது. மிதிவண்டியில் நிமிர்ந்து செல்லும் உரிமைக்காக ஒரு தலைமுறை துன்புற்றது. அதன் வழித்தோன்றல்கள் காரில் நிமிர்ந்து செல்வதை யாரும் குறைகூற இயலாது. துரையின் முன் இறங்க மறுத்தவரின் பேரன், தவணை தவறிய நாளில் கடன்காரன் முன் காரை விட்டு இறங்க நேர்ந்தால், அதுவே வரலாற்றின் பெருந்துயரம். சுண்டைக்காய்க்கு முன் சுமைகூலியை நிறுத்துப் பார்க்கின்றவன் அத்தலைகுனிவுக்கு ஆளாகான்.